திரை

ஒன்பது குளிர்காலம்
முகம் பார்க்காமலே
அவள் சொன்னதையெல்லாம் எழுதினேன்.

அரியணைக்குப் பின்னே மூங்கில் திரை.
திரைக்குப் பின்னே பியோன் குலத்துப் பெரிய ராணி.
முன்னே, தூரத்துக் கிளையிலிருந்து பல்லக்கில் கொண்டுவந்து
ஆறு வயதில் அரசனாக்கிய பையன்.
கால் தரைக்கு எட்டவில்லை;
ஒரு முக்காலி போட்டு, மேலே கரடித்தோல் விரித்தார்கள்.

என் இடம் இடப்பக்கத் தூண்.
வலப்பக்கத் தூணில் நாம்குங் யுல்.
ஒருவன் தவறவிட்டதை மற்றவன் பிடிக்க
எழுத்தர் இருவர் என்பது விதி.
இருமலால் அவளைத் தெரியும் எங்களுக்கு,
இஞ்சிக் கஷாய வாசனையால் தெரியும்.
கோபம் வந்தால் மோதிரம்
பீங்கான் கிண்ணத்தில் தட்டும்,
ஒரே ஒரு தரம்.
தொப்பிச் சிறகுகள் எல்லாம் தாழ்ந்துபோகும்.

வரிக்கணக்கு வாசிக்கையில் பையன் தூங்கிவிழுவான்.
திரைக்கு அடியிலிருந்து
சுட்ட கஷ்கொட்டை ஒன்று உருண்டு வந்து
முக்காலியில் இடிக்கும்.
திடுக்கிட்டு நிமிர்வான்.
பதினெட்டு அமைச்சர்கள் அதைப் பார்க்கவில்லை.
நானும் எழுதவில்லை.
யுல் எழுதினான்:
'இன்று, ஒரு கஷ்கொட்டை.'

ஹாம்கியோங்கில் பஞ்சம் வந்தது.
பைன் பட்டையை உரித்துத் தின்கிறார்கள் என்று ஓலை.
ராணுவக் களஞ்சியத்தைத் திறக்க முன்மாதிரி இல்லை
என்றார் கருவூல அமைச்சர்.
'முன்மாதிரியை உலையில் போடட்டுமா?'
என்றது திரை.
அப்படித்தான் எழுதினேன், திரை என்றது என்று.
நாலாயிரம் மூட்டை வடக்கே போயிற்று.

உப்பு வரியில் கைவைத்தவன் அவள் கூடப்பிறந்தவன்.
பெயரை வாசிக்கச் சொன்னாள்.
மறுபடியும் என்றாள்.
மறுபடியும்.
மூன்றாம் தரம் வாசித்தவனுக்குக் குரல் உடைந்தது.
அவளுக்கு உடையவில்லை.
'தீவுக்கு. மனைவி மக்கள் இல்லாமல். மழைக்கு முன்னே.'

இங்கே நிறுத்தினால் நல்ல ராணியின் கதை.
நிறுத்த எனக்கு உரிமையில்லை.

அதே வருஷம், கடும்பனியில்,
பதினான்கு பெயர்கள்.
முத்திரை பையன் கைக்குக் கனம்.
திரையின் பிளவு வழியே ஒரு கை நீண்டு
அவன் கைமேல் அமர்ந்து
பதினான்கு தரம் அழுத்தியது.
மை உறைந்திருந்தது. ஊதி ஊதி இளக்கினேன்.
பதினோராவது பெயர் நாம்குங் யுல்.
நிமிர்ந்து பார்த்தேன்.
அவனும் எழுதிக்கொண்டிருந்தான்
தன் பெயரை,
வழக்கத்தைவிட மெதுவாக,
ஒரு கோடும் பிசகாமல்.

குற்றம் இன்னதென்று யாரும் வாசிக்கவில்லை.
கஷ்கொட்டையாக இருக்காது.
இருக்காது என்றுதான்
இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பதினைந்தாம் வயதில் பையன் பாதம் தரையில் பதிந்தது.
முக்காலி போயிற்று.
அவளே சொன்னாள், 'சுருட்டுங்கள்.'
பணிப்பெண்கள் இருவர் சுருட்டினார்கள்.
எல்லோரும் குனிந்தோம். பிறகு,
எழுதவேண்டியவன் என்பதால், நான் மட்டும் நிமிர்ந்தேன்.

திரைக்குப் பின்னேயும் திரை.
கன்னத்தில், கழுத்தில், இமையோரத்தில்,
மேலைக்கடல் உள்வாங்கிய பின்
சேற்றில் அலை விட்டுப்போன வரிகள்.
வெளிச்சம் கூசி
கண்ணுக்கு மேலே கை வைத்தாள்.
அந்தக் கைதான்.

'இடப்பக்கத் தூரிகை நீதானா?'
'ஆம், மகாராணி.'
'வலப்பக்கத்தது உன்னைவிட வேகம்.'

அதையும் எழுதினேன்.

திரை அன்றே சமையற்கட்டுக்குப் போயிற்று,
முள்ளங்கி உலர்த்த.
அரசனின் முதல் ஆணை மாலையில் வந்தது:
தீவிலிருக்கும் பியோன் சங்-ஹியோக்கை
மரியாதையோடு அழைத்து வருக.
முத்திரையைத் தனியாகத்தான் குத்தினான்.
கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

அவள் விரல் பக்கத்தில் துழாவியது.
கிண்ணத்தை எடுத்துப் போயிருந்தார்கள்.
மோதிரம் ஒரு தரம்
வெறுங்காற்றில் தட்டியது.

இதை எப்படி எழுதுவது என்று கேட்க
வலப்பக்கம் திரும்பினேன்.
புதிதாக வந்தவன்
குனிந்து மை அரைத்துக்கொண்டிருந்தான்.